அழாமல் நின்றது ஒரு குற்றமா?

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைப்பது என் வேலை. எங்கள் அறையில் நான்கு பெண்கள். போன சீசனில் ஒருநாள் அந்த அறைக்குள்ளேயே ஒரு தீப்பெட்டி கிடந்தது. ஒரு குச்சி உரசியிருந்தால் நால்வரும் கரிக்கட்டைதான்.

போர்மேன் எங்களை வெளியே நிறுத்தி விசாரித்தார். மாரி ஓவென்று அழுதாள். செல்வி மட்டும் அசையாமல் நின்று, "நான் கொண்டாரல" என்றாள்.

"பயமே இல்லாம நிக்கா பாருங்க, இவதான்" என்று சொன்ன பாவி நான்தான். அன்றே அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

மறுவாரம் மாரி ஒப்புக்கொண்டாள். காலையில் அடுப்புப் பற்றவைத்த தீப்பெட்டியை மறந்துபோய் மடியில் சொருகி வந்தாளாம். அதைச் சொல்லும்போதும் அழுதாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

செல்வி வீட்டுக்கு ஓடினேன்.

"மருந்து ரூம்ல என்ன நடந்தாலும் பதறக் கூடாதுன்னு நீங்கதானக்கா சொல்லிக் குடுத்தீக? பதறாம நின்னதுக்கா என்னைய மாட்டிவிட்டீக?" என்று கேட்டாள். அவள் திரும்பி வேலைக்கு வரவே இல்லை.

"மொகத்தப் பாத்தாலே எனக்குத் தெரியும்" என்று போர்மேன் இன்னும் பீற்றிக்கொள்கிறார். நான் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. தினமும் அறைக்குள் நுழையுமுன் எல்லாரையும் மடியை உதறச் சொல்கிறேன். அவர் கண்ணெதிரே முதலில் உதறுவது என் மடியைத்தான்.