வாய்க்கால் எங்கள் கொல்லையில்தான் காணாமல் போயிருந்தது

போன செவ்வாய்க்கிழமை பல் டாக்டரின் வெயிட்டிங் ரூமில் ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. ஊரிலிருந்து அஞ்சலை.

“அக்கா, ஏரி கோடி போவுது.”

ஏரி நிரம்பி வழிகிறது என்று அர்த்தம். எழுந்து நின்று ஏதோ கத்தினேன். மரத்த வாயில் என்ன வந்ததோ... நர்ஸ் ஓடி வந்துவிட்டார்.

அஞ்சலை யார் என்று சொல்ல வேண்டும். நைனார்பாளையத்தில், கொல்லை என்று ஊரில் சொல்லும் எங்கள் நிலத்திலும் மற்றவர் நிலத்திலும் கூலி வேலை செய்கிறவள். இரண்டு வருடமாக மழை பொய்த்ததில் அந்த வேலையும் போயிற்று. போர்வெல் எல்லாம் காற்றைத்தான் கக்கின. லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் நின்றன. ஏரியில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள்.

கோடையில் நான் ஊருக்குப் போயிருந்தபோது அஞ்சலை வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

“கோச்சிக்காதீங்க. போன வருசம் ஒரு நாளு நல்லாத்தான் பேஞ்சுது. ஏரிக்கு ஒரு சொட்டு வரல. ஏன்னு பாக்கலாம்னு ஓடையிலருந்து நடந்துகினே வந்தேன். வாய்க்கா உங்க கொல்லையிலதான் காணாம பூடுச்சி.”

அண்ணன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிரவில்லை. “மழையே காணோம். வாய்க்கா இன்னாத்துக்கு?”

“மழ வந்தப்புறம் வெட்டினா தண்ணி நிக்குமாண்ணே?” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “நீங்க பேப்பர்ல தண்ணியப் பத்தில்லாம் எழுதறீங்களாமே...”

எழுதியிருக்கிறேன். நீர்நிலைகளை மூடியவர்களை இதே பக்கத்தில் விளாசியிருக்கிறேன். மூடியவர் என் கூடப் பிறந்தவர் என்றால்? வாய்க்காலைச் சமன் செய்து அண்ணன் மக்காச்சோளம் போட்டது எனக்குத் தெரியும். அந்தச் சோளத்தை வேகவைத்துத் தின்றிருக்கிறேன்.

“வெட்டட்டும்ணே,” என்றேன். “எனக்கும் அந்தக் கொல்லையில பாகம் இருக்கு.”

அண்ணன் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்துபோனார். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை.

மறுநாள் காலை அஞ்சலை இருபது பெண்களோடு மண்வெட்டி, கூடையுடன் வந்துவிட்டாள். மண் சிமென்ட் மாதிரி இறுகிக் கிடந்தது. நானும் ஒரு கூடை தூக்கினேன் — ஒன்றே ஒன்று, அதற்கே இடுப்பு பிடித்துக்கொண்டது.

நாலாம் நாள் அண்ணன் வரப்பில் வந்து நின்றார். சண்டைக்குத்தான் என்று நினைத்தோம். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மண்வெட்டியைப் பிடுங்கினார்.

“கோணலா வெட்டிகினு போறீங்க. அந்தப் பக்கம் மேடு. தண்ணி எப்டி ஏறும்?”

தப்பாக வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க ஒரு விவசாயியால் முடியாது. சாயங்காலம்வரை அவர் அந்தப் பள்ளத்தைவிட்டு ஏறவில்லை.

வாய்க்கால் தயார். மழை? ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. “வாய்க்கா ரெடி, வானத்துக்கு ஆளு அனுப்புங்க” என்று டீக்கடையில் சிரித்தார்கள். அஞ்சலை மட்டும் வாரம் ஒருமுறை போய் வாய்க்காலில் விழுந்த முள்ளையும் சருகையும் அள்ளிப்போட்டுவிட்டு வந்தாள்.

ஐப்பசியில் வானம் திறந்தது. தொடர்ந்து ஆறு நாள். ஏழாம் நாள்தான் அந்த போன்.

அடுத்த பஸ்ஸில் கிளம்பினேன். எங்கள் கொல்லை நடுவே செம்மண் நிறத்தில் தண்ணீர் இரைச்சலோடு ஓடியது. ஏரிக்கரையில் ஊரே நின்றது. வழிகிற தண்ணீரில் பெண்கள் புடவையோடு இறங்கி நின்று சிரித்தார்கள். டீக்கடைக்காரர் முழங்கால் நீரில் நின்று கும்பிட்டார். அஞ்சலை என் கையைப் பிடித்து இழுத்தாள். ஐம்பத்து மூன்று வயதில் ஒரு குதி குதித்தேன்.

சற்றுத் தள்ளி அண்ணன் நாலு பேரிடம் கையை ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தார். வாய்க்கால் வெட்டியது அவருடைய யோசனையாம்.

எனக்குச் சுருக்கென்றது. “கேட்டியா அஞ்சலை?”

“சொல்லிக்கட்டும்க்கா,” என்றாள் முகத்தைத் துடைத்துக்கொண்டே. “இனிமே மூட மாட்டாரு இல்ல?”