குளிக்கத் தண்ணீர் இல்லாத ஊர்

என் எழுத்தைப் படிக்கப் போகிறவர்கள் முதலில் பொறுத்துக்கொள்ள வேண்டும். பன்வில பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு பேனாவை வைத்துவிட்டு, கண்டி நகரத்துச் சாப்பாட்டுக் கடையொன்றில் அகப்பையைப் பிடித்தவன் நான். என் எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். எங்கே பெரிய ‘ற’, எங்கே சின்ன ‘ர’ என்பது இன்றைக்கும் குழப்பம்தான். பேச்சும் எனக்கு வராது. நாலு பேர் கூடிய இடத்தில் ஓரமாக ஒதுங்கிவிடுவேன். நானாவின் வீட்டில் அன்றைக்கு வாய் திறந்து சொல்ல முடியாமல் விழுங்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நானா மௌத்தாகி, அதாவது இறந்து, நாற்பதாம் நாள். குர்ஆன் வாசித்துக் கத்தம் ஓதி முடித்து, விறாந்தையில் பாய் விரித்து எல்லோருக்கும் சாப்பாடு வைத்தார்கள். முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவருக்கும் அவர் நானாதான். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஓய்வுபெற்ற கிளாக்கர் ஐயா. சோற்றைப் பிசைந்துகொண்டே, “மனுசன் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தா நம்ம எல்லாரையும் இந்தியாப் பாலைவனத்துக்கே கூட்டிட்டுப் போயிருப்பாரு” என்றார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். யாரோ “ம்ம், பெரிய மனசு” என்றார்கள். நான் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்தேன். அந்தப் பயணம் எப்படி ஆரம்பித்தது, யாருக்காக ஆரம்பித்தது என்பது அந்தப் பாயில் இருந்த ஒருவருக்கும் நினைவில் இல்லை.

நானாவிடம் ஒரு வேன் இருந்தது. கிழமை நாட்களில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றுவார். நீண்ட லீவு வந்தால் ஒழுங்கையே அவர் வீட்டு வாசலில் கூடிவிடும். கதிர்காமம், யாழ்ப்பாணம், திருகோணமலை என்று அவர் ஓட்டாத ரோடு இல்லை. சோறு ஆக்கும் பெரிய கிடாரமும் காஸ் அடுப்பும் வேனின் கூரையில் ஏறும். இறைச்சியை அவரே பார்த்து வாங்கி வருவார், சமைப்பது நான். எங்கள் ஊர் ட்ரிப் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். கோயில், கோட்டை, கடற்கரை எதுவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். குளிக்கிற இடம் மட்டும் இருக்க வேண்டும். ஆற்றிலோ அருவியிலோ இறங்கி மணிக்கணக்காக ஊறி, குளிர் நடுக்கத்தோடு கரையேறி, சுடச்சுடச் சோறு சாப்பிடாவிட்டால் போய் வந்த கணக்கே இல்லை. நான் குளிக்க இறங்க மாட்டேன். அடுப்பின் பக்கத்தில் இருந்தால் யாரோடும் பேச வேண்டியதில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

என் ஒரே மகள் உதவிப் பணம் கிடைத்து இந்தியாவுக்குப் படிக்கப் போனாள். பிகானேர் என்ற ஊர், ராஜஸ்தான் பாலைவனத்தில் இருக்கிறது. விவசாயப் படிப்பு. மணலில் என்ன விவசாயம் என்று நான் கேட்டதற்கு, அதைத்தான் அப்பா படிக்கிறேன் என்று சிரித்தாள். படிப்பு முடிந்து பட்டம் கொடுக்கிற விழாவுக்குத் தாயும் தகப்பனும் வந்து மண்டபத்தில் உட்காரலாம் என்று ஒரு நாள் போனில் சொன்னாள். அவளுடைய அம்மா இல்லை. மிச்சம் நான்தான். தை மாதத்தில், பொங்கல் கழிந்து சில நாளில் விழா. சென்னை வரை விமானம், அங்கிருந்து ரயிலில் இரண்டு இரவு. “ஸ்டேசனுக்கு நான் வந்து நிப்பேன்பா, நீங்க எறங்கினாப் போதும்” என்றாள். பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பினால் விசாவையும் அங்கிருந்தே போட்டுத் தருகிறேன் என்றாள்.

அந்த மண்டபத்தில் ஒரு கதிரையில் நான் உட்கார வேண்டும். வேறெதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. ஆனால் பிளேனில் ஏறியதில்லை, இங்கிலீசும் இந்தியும் தெரியாது, வழியில் யாரையும் ஒரு வார்த்தை கேட்கும் துணிவும் கிடையாது. யோசனை கேட்கலாம் என்று நானாவிடம் போனேன். அவர் வேனுக்கு அடியில் படுத்துக்கொண்டு எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அந்தக் கால்களிடம்தான் விஷயத்தைச் சொன்னேன். மகள், பிகானேர், விழா எல்லாவற்றையும் என் வழக்கமான தணிந்த குரலில் சொன்னேன். எவ்வளவு அவர் காதில் விழுந்ததோ தெரியாது. முகமெல்லாம் கிரீஸோடு வெளியே வந்தார்.

“தனியாப் போறதா? ஒனக்கென்ன பைத்தியமா தம்பி? நான் ஈக்கக்குள்ள நீ என்னத்துக்குத் தனியாப் பெய்த்து வழி தெரியாம நிக்கணும்? உடு, நான் பாத்துக்கொள்றன்.”

எனக்கு அப்போது வந்த நிம்மதியை மறைக்க மாட்டேன். அதே நாள் மகளிடம், நீ ஒன்றும் செய்யாதே, நானா பார்த்துக்கொள்வார் என்று சொன்னேன். பாஸ்போர்ட்டும் அவர் கைக்குப் போயிற்று.

அந்தக் கிழமையே அது ட்ரிப் ஆகிவிட்டது. கிளாக்கர் ஐயா வருகிறார், பலசரக்குக் கடைக்கார அம்மா குடும்பத்தோடு வருகிறார், இன்னும் யார் யாரோ. நானா எல்லோரிடமும் ஒரே செய்தியைச் சொன்னார்: “நம்மட கோக்கிட மகள் அங்க ஈக்கா. இந்தி பேசுவா. ஊரெல்லாம் காட்டுவா.” கோக்கி என்றால் சமையல்காரன், அதாவது நான். விழா அந்தச் செய்தியில் இல்லை. கருவாடு எவ்வளவு, மாசி மீன் எவ்வளவு, கிடாரத்தைப் பிளேனில் ஏற்ற விடுவார்களா என்றெல்லாம் நானாவின் வாசலில் கூட்டம் நடந்தது. நான் படியின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கூட்டத்தில் கடைக்கார அம்மா கேட்டார்:

“அது சரி நானா, குளிக்கிற எடம்?”

எல்லோரும் நானாவைப் பார்த்தார்கள்.

“பாலைவனத்துல எங்கம்மா ஆறு?” என்றார் கிளாக்கர் ஐயா.

“அப்ப மணல்லயா உருளச் சொல்றீங்க? குளிக்கத் தண்ணி இல்லாத ஊருக்கு என்னத்துக்குப் பிளேன் ஏறிப் போறது?”

“ஒங்களுக்கு ஒரு வாளித் தண்ணிய வாங்கித் தலையில ஊத்துறோம், வாங்க.”

“ஒங்க தலையில ஊத்துங்க, அங்கதான் காய்ஞ்சு கெடக்கு” என்று அந்த அம்மா அவருடைய வழுக்கையைக் காட்டினார். வாசல் முழுக்கச் சிரிப்பு. நானா மட்டும் சிரிக்கவில்லை. குளிக்கிற இடம் இல்லாமல் ஒரு பயணத்தைக் கட்டியதாக அவர் பெயரில் இருக்கக் கூடாது. உடனே என் போனை வாங்கி மகளை அழைத்தார்.

“மகளே, அங்க குளிக்க ஓடை கீடை ஏதாச்சும் ஈக்கா?”

“மாமா, பாத்ரூம் பைப்புல தண்ணி வந்தாலே நாங்க போட்டோ எடுத்து அனுப்பிக்குவோம்.” பிறகு யோசித்து, கொஞ்சத் தூரத்தில் ஒரு கோயில் குளம் இருக்கிறது, விசேஷ நாளில் சனங்கள் வந்து முழுகுவார்கள், ஆனால் தை மாதத்தில் தண்ணீர் ஐஸ்போல இருக்கும் என்றாள்.

அந்தக் குளம் என் உயிரை வாங்கியது. குளத்துக்காகப் பயணத்தை வெயில் காலத்துக்குத் தள்ளலாம் என்றார் நானா. நான் எழுந்து நின்று, “நானா, தை மாசம் மகளுக்கு…” என்று ஆரம்பித்தேன். “மகள் அங்கதானே ஈக்கா, எங்க ஓடப் போறா?” என்றார். அதற்குள் கிளாக்கர் ஐயா, பொங்கல் லீவோடு சேர்த்தால்தான் அவருடைய மருமகனுக்கு வசதி என்றார். அப்படித்தான் திகதி என் பக்கம் விழுந்தது. நான் கேட்டதற்காக இல்லை, மருமகனின் லீவுக்காக. இருந்தாலும் விழுந்ததே என்று மெல்ல உட்கார்ந்துகொண்டேன்.

விசா எப்போது போடுவது என்று நானாவிடம் பல தடவை கேட்டேன். “எல்லாரட பாஸ்போர்ட்டும் சேந்து வரட்டும். கூட்டமாப் போட்டாச் சுருக்கா வரும்.” பாஸ்போர்ட்டைத் திருப்பித் தாருங்கள் என்று ஒரு தடவை கேட்கப் போய், கேட்காமல் திரும்பினேன். மகள் அங்கிருந்து “அப்பா, விசா வந்திருச்சா?” என்று கேட்கும்போதெல்லாம் வருது, வருது என்றேன்.

பொங்கலுக்கு முந்திய கிழமை கடைக்கார அம்மா தன் போனை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். பிகானேரில் இரவு எவ்வளவு குளிர் என்று அதில் இருந்தது. “நுவரெலியாவ விட மோசமாம்! பாலைவனம்னா சூடுன்னுதானே எல்லாரும் சொன்னீங்க? நான் புள்ளைகளுக்கு மெல்லிய கவுனா வாங்கி வச்சிருக்கேன்.” மலைநாட்டுக் குளிரிலேயே பிறந்து வளர்ந்த நாங்கள் அத்தனை பேரும், பாலைவனம் என்றால் ராத்திரியும் பகலும் அடுப்பு மேடைதான் என்று நம்பியிருந்தோம். யாரிடமும் ஒரு கம்பளிகூட இல்லை. குளிக்கவும் முடியாது, குளிரும் அடிக்கும் என்றதும் அந்த அம்மா விலகினார். அடுத்து கிளாக்கர் ஐயாவின் மருமகன், பிறகு கிளாக்கர் ஐயா. கடைசியில் நானாவும் நானும் மட்டும்.

“ரெண்டு பேர் போறதுக்குப் பேர் ட்ரிப்பா தம்பி?” என்றார் நானா. “போட்ட லீவையும் வீணாக்கக் கூடாது. ஹசலக்கப் பக்கம் நல்ல ஓடை ஒண்டு ஈக்கி. எல்லாரும் அங்க போவம்.” என் பாஸ்போர்ட்டை அப்போதுதான் கையில் தந்தார். விசாவுக்கு அது போகவே இல்லை. மகளிடம் இரண்டு நாள் பேசாமல் இருந்து, பிறகு சொன்னேன். “பரவால்லப்பா. என் ஃபிரண்டு வீடியோ கோல் எடுப்பா. அதுல பாருங்க” என்றாள்.

விழா நடந்த அன்று நான் எங்கே இருந்தேன் என்று கேட்கிறீர்களா? ஹசலக்க ஓடைக்கரையில் கிடாரத்தில் சோறு கிண்டிக்கொண்டிருந்தேன். வரமாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனில் கவரேஜ் ஒரு கோடுகூட இல்லை. பாறையில் ஏறினேன், மரத்தடிக்குப் போனேன், ஒன்றும் வரவில்லை. சோற்றை அப்படியே விட்டுவிட்டு ரோட்டைப் பார்த்து ஓடினேன்.

தண்ணீருக்குள் இருந்து நானா கத்தினார். “அடேய், சோறு அடி பத்துது! எங்க போற?”

“எம் மக பட்டம் வாங்குறா!”

அவ்வளவு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. ஓடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். நானா இடுப்பில் கட்டிய ஈரச் சாரத்தோடு கரையேறி, சாவியை எடுத்து, “ஏறு” என்றார். குளித்துக்கொண்டிருந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு, கண்டிக்குப் போகும் வளைவுகளில் வேனை ஏற்றினார். ஒவ்வொரு வளைவிலும் “வந்திச்சா?” என்று கேட்டார். மேலே ஒரு வளைவில் போன் அதிர்ந்தது.

தூரத்தில் ஒரு மேடை. சிவப்புத் தலைப்பாகை கட்டிய பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். எல்லோரும் ஒன்றுபோலவே தெரிந்தார்கள். தோழி இந்தியில் எதையோ கூவினாள். யாரோ ஒரு பிள்ளை கையை நீட்டியது. அந்த நீட்டிய கையோடு படம் நின்றுவிட்டது. பிறகு அதுவும் போய்விட்டது. அது என் மகளின் கையா, வேறு பிள்ளையின் கையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சிறிது நேரத்தில் அவளே அழைத்தாள். “பாத்தீங்களாப்பா?”

“பாத்தேம்மா. நல்லாப் பாத்தேன்.”

நானா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சாரத்திலிருந்து தண்ணீர் சொட்டி அவர் காலடியில் தேங்கியிருந்தது. “இண்டைக்குத்தான் எண்டு நீ ஏன் செல்லல்ல?” என்றார். நான் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தேன். “அடுத்த கிழமையே போவம் தம்பி. நீயும் நானும் மட்டும். வல்லாஹி, சத்தியமா.”

“வேணாம் நானா. முடிஞ்சிருச்சு.”

திரும்பி வந்தபோது சோறு பாதி கருகியிருந்தது. அதைத்தான் எல்லோரும் சாப்பிட்டார்கள், ஒருவரும் குறை சொல்லவில்லை. நானா கருகிய பக்கத்திலிருந்தே போடச் சொல்லி இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார். அதனால் எனக்கு ஒன்றும் ஆறவில்லை.

அதன் பிறகும் அவரோடு பல ட்ரிப் போனேன். பாலைவனப் பேச்சை இருவரும் எடுத்ததில்லை. மகள் அங்கேயே வேலை தேடிக்கொண்டாள். கத்தத்தன்று எல்லோரும் போன பிறகு, பாத்திரம் கழுவ உதவிக்கொண்டிருந்த என்னிடம் நானாவின் மனைவி சொன்னார்: “ஒங்கட நானாக்குப் பிளேன் எண்டா உசிர் போற பயம். வேறொருத்தர் ஓட்டுற பஸ்ல கூட ஏற மாட்டார். மக்காவுக்கு உம்ரா போவம் எண்டு நான் எத்தின வருசம் கேட்டன். சாமான் சேக்கணும், ஆள் சேக்கணும் எண்டு தள்ளித் தள்ளியே பெய்த்திட்டார்.”

கையில் இருந்த சட்டியைக் கீழே வைத்துவிட்டேன். அந்தக் கூட்டங்கள், அந்தக் குளம், சேர்ந்து வரட்டும் என்ற விசா எல்லாம் எனக்குப் புரிந்தன. புரிந்ததால் கோபம் குறையவில்லை, கூடத்தான் செய்தது. எனக்குப் பயம் தம்பி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் அவரைப் பார்த்துச் சிரித்திருக்க மாட்டேன். நான் அவரைவிடப் பயந்தவன், அது ஊருக்கே தெரியும். பயந்த இரண்டு பேரில் ஒருவன் மற்றவனைத் துணை என்று நம்பியிருந்திருக்கிறான். அவர் வரமாட்டார் என்று தெரிந்திருந்தால், பயந்து பயந்தாவது நான் தனியாகப் போயிருப்பேன்.

எழுதி முடித்தது: பௌர்ணமிப் போயா விடுமுறை, கடை பூட்டிய பிற்பகல், கண்டி.