கவர் இல்லாத மீன்

பட்டாபிராம் ஸ்டேஷன் தெருவில் அம்மா மாலையில் மீன் விற்பாள். வேலை முடிந்து ரயிலில் இறங்குகிறவர்கள்தான் வாடிக்கை. தொண்ணூறுகளின் கடைசியில் பெய்த ஒரு மழையில், பிளாஸ்டிக் கவர்கள் கால்வாயை அடைத்துக்கொள்ள, சாக்கடை வீடுகளுக்குள் வந்தது. எங்கள் வீட்டுக்குள் வருடந்தோறும் வருவதுதான். அந்த வருடம் நலச் சங்கத் தலைவர் வீட்டுக்குள்ளும் போய்விட்டதால் அது சுற்றுச்சூழல் பிரச்சினை ஆனது.

சங்கம் கூடியது. தெருக்கடைகளில் இனி கவர் கொடுக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். தலைவருக்குப் போர்த்திய சால்வை மட்டும் கவருக்குள்ளிருந்துதான் வந்தது. எல்லோரும் கைதட்டுவதில் மும்முரமாக இருந்ததால் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

நானும் கைதட்டினேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பிளாஸ்டிக் மக்காது என்று எனக்குத் தெரியும். ‘இங்கே கவர் கிடையாது’ என்று அட்டையில் எழுதி அம்மாவின் கடையில் நிறுத்தினேன்.

மறுநாள் ரயிலில் இறங்கியவர்கள் அட்டையைப் படித்தார்கள், பாராட்டினார்கள், வாங்காமல் போனார்கள். சொட்டச் சொட்ட மீனைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு போகுமளவுக்குப் பூமியின் மேல் யாருக்கும் பாசமில்லை. ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. விற்காவிட்டால் அத்தனையும் குப்பைக்குத்தான்.

"நல்லா எழுதிக்கீற. இத்தினி மீனையும் நீயே துன்னு" என்றாள் அம்மா.

அப்போது ஆபீஸ் முடிந்து தலைவரே வந்தார். சங்கரா மீனை அமுக்கிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உள்ள ஒரு கவர் வெச்சிருப்பியேம்மா?"

"நீதானே நைனா வாணான்ன?"

"அது மளிகைக் கடைக்குச் சொன்னதும்மா. மீன் வேற."

அவர் தோள்பையைப் பார்த்தேன். "சாப்பாட்டு டப்பா காலிதானே சார்?"

"ஐயோ பாப்பா, நாளைக்கு அதுலதான் தயிர்சாதம்!"

"புளி போட்டுத் தேய்ச்சா வாசனை போய்டும் சார்."

பின்னால் நின்றவர் விடவில்லை. "மைக்குல அம்மாம் பேச்சு பேசுனியே அண்ணாத்தே, டப்பாவத் தொற!"

சிரிப்புக்கு நடுவே தலைவர் தெருக்குழாயில் டப்பாவைக் கழுவிக்கொண்டு வந்தார். தலைவரே கழுவிய பிறகு மற்றவர்களுக்கு என்ன கௌரவக் குறைச்சல்? அவருக்குப் பின்னால் குழாயடியில் வரிசை நின்றது. மறுநாள் எத்தனை ஆபீஸில் தயிர்சாதம் மீன் மணத்ததோ, அது சங்கத்தின் கவலை.

இருட்டுவதற்குள் கடைசி மீனும் போய்விட்டது. அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கையக் கழுவு. ஊட்டுக்குப் போலாம்."

பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.