தடித்த கரணை மாட்டுக்கு

ரோஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கபூரா புல்லை உதறி, உப்புத் தண்ணீர் தெளித்து, மறுபடி தொட்டியில் போட்டாள். முழங்கால் உயரம்கூட வளராத, வெளிறிய நேப்பியர் புல். பட்டினியிலும் அந்தப் பசுவுக்குத் தரம் தெரிந்திருந்தது.

“நாளைக்குக் கசாப்புக்காரர் வர்றார்” என்றான் கொட்டில் வாசலில் நின்ற அவள் கணவன் முச்சிரி. “பதினோரு லிட்டர் கறந்தது நாலுக்கு வந்தாச்சு. இன்னும் இளைச்சா தோலைத்தான் விக்கணும்.”

“என் மாட்ட யாரும் அவுக்கக் கூடாது.”

“புல்லக் காட்டு, அவுக்கல.”

கங்கேமாச் சரிவில் கபூராவுக்குக் கொடுக்கிற கை என்று பெயர். மண் சரியாமல் இருக்க வரப்பெல்லாம் நேப்பியர் நட்டு, அதை வெட்டிப் போட்டே இருபத்திரண்டு வருடம் மாடு வளர்த்தவள். நடுவதற்குக் கரணை, தண்டை நறுக்கிய துண்டு, கேட்டுச் சாக்கோடு வந்த யாரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. ஒரு சின்ன ஒழுங்கு மட்டும் உண்டு. மூன்று கணு வைத்த தடித்த கரணை மாட்டுக்கு. மாடு முகர்ந்துவிட்டு விட்ட மெலிந்த குச்சி மண்ணுக்கு. சரிவில் எல்லாரும் அப்படித்தான். மாடு கத்திக்கொண்டிருக்கும்போது நல்ல கரணையைக் குழிக்குள் புதைக்க யாருக்கு மனம் வரும்? வருடா வருடம் நல்லது வயிற்றுக்கும் சொத்தை நிலத்துக்கும் போயிற்று. புல் ஏன் குட்டையாகிறது என்று பிறகு ஊரே யோசித்தது. மழை என்றார்கள் சிலர். கண்ணேறு என்றார்கள் சிலர். சர்ச்சில் பெண்கள் சங்கம் கபூராவின் பெயரைச் சொல்லி நன்றி கூறியபோது, பெயர் சொல்லப்பட்டவர்களுக்குரிய பணிவோடு அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

போன வருடம் விவசாய அலுவலர் வந்தார். இது குட்டை நோய், கரணையோடு பரவும், தூரோடு பிடுங்கி எரியுங்கள் என்று இரண்டு மணி நேரம் பேசினார். கபூரா கவனமாகக் கேட்டாள். யார் புல்லுக்கெல்லாம் அந்த நோய் இருக்குமோ, அவர்களுக்காக வருத்தப்பட்டாள்.

அவள் கரணை கொடுக்காதது ஒரே ஒருவனுக்கு. கீழ்ச்சரிவுக் கிஹாராவுக்கு. பால் ஊற்றும் வரிசையில் எல்லாரும் நிற்க, குடிக்காத நாளில் வா என்று சொன்னாள். அவன் எம்புவில் இருக்கும் அக்காள் வீட்டிலிருந்து ஒரு கட்டுக் கரணையைப் பேருந்துக் கூரையில் போட்டுக் கொண்டுவந்தான். நிறுத்தத்தில் இறக்கும்போது, கரும்பா என்று கேட்டுச் சிரித்தார்கள்.

கபூரா புல் கட்டக் கயிற்றை எடுத்துக்கொண்டு ஐந்து வீடு ஏறி இறங்கினாள். ஐந்திலும் அவளுடைய புல்லே அவளை வரவேற்றது, மஞ்சளாக, முழங்காலுக்குக் கீழே. ஐந்தாவது வீட்டுக் கதிகியா, மகள் வாங்குயியின் பெயரால் அவளை அழைத்து, உண்மையான நன்றியோடு சொன்னாள்:

“உங்க புல்லுதான், வாங்குயி அம்மா. உங்களுக்கு இல்லாததா? வெட்டிக்குங்க.”

மிச்சம் இருந்தது கிஹாரா வீடு. அங்கே புல் கூரையைத் தாண்டி வளர்ந்து நின்றது. அவன் பால் கேன் மேல் உட்கார்ந்திருந்தான்.

“குடிக்காத நாள்ல வரச் சொன்னீங்க” என்றான். “அப்படி ஒரு நாள் இன்னும் அமையல. அதான் வரல.”

“நான்தான் வந்திருக்கேனே.”

“எதுக்கு?”

“புல்லுக்கு.” பிறகு மிச்சத்தையும் சொன்னாள். “நாளைக்குக் கசாப்புக்காரன் வர்றான்.”

கிஹாரா எழுந்து கத்தியைத் தீட்டினான். அவளால் சுமக்க முடிந்த அளவுக்கு வெட்டிக் கட்டினான். தனியாக ஆறு தடித்த கரணையை நீட்டினான்.

“இது மாட்டுக்கில்ல, மண்ணுக்கு. பழசத் தூரோட பிடுங்கிட்டு நடுங்க. வளர்ற வரைக்கும் தினம் ஒரு கட்டு வெட்டிக்குங்க, பதிலுக்குச் சாணி குடுங்க.”

அவள் தலையசைத்தாள்.

“நீங்க அன்னைக்குக் குடுக்காததாலதான் என் புல்லு பொழைச்சுது. அந்த நன்றி எனக்கு இருக்கு, வாங்குயி அம்மா.”

மறுநாள் எட்டு மணிக்குக் கசாப்புக்காரர் வந்தார். ரோஸ் தின்றுகொண்டிருந்தது. அவர் பால் டீ குடித்துவிட்டுப் போனார். முச்சிரி பத்துத் தூர் பிடுங்கிவிட்டு, இடுப்பு வலிக்கிறது என்று உட்கார்ந்துகொண்டான். கபூரா மாலை வரை பிடுங்கி எரித்தாள். மேல் வரப்பு முடிந்தது. இன்னும் ஆறு வரப்பு இருந்தது. கிஹாரா கொடுத்த கரணையில் ஐந்தை நட்டாள். ஆறாவது ரொம்பத் தடியாக இருந்தது. அதை நறுக்கித் தொட்டியில் போட்டாள்.