புளி போட்டுத் தேய்த்த பித்தளை எஞ்சின்

ஹெப்பகோடியில் எங்கள் வீட்டு டிவி ஸ்டாண்டின் மேல் இரண்டு நீராவி ரயில் எஞ்சின்கள் நிற்கின்றன. இரண்டும் என்னுடையவை. யாராவது பொம்மை என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாடல் என்று சொல்ல வேண்டும்.

ஒன்று டைகாஸ்ட். உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றி, கறுப்புப் பெயின்ட் அடித்தது. நல்ல கனம். அந்தக் கனத்தில்தான் சக்கரம் தண்டவாளத்தைப் பிடிக்கும். எத்தனை பெட்டி மாட்டினாலும் அலட்டிக்கொள்ளாமல் இழுக்கும். ரிவெட் ஆணித் தலைகள்தான் பெயின்டுக்கு அடியில் மழுங்கிக் கிடக்கும். மற்றது பித்தளை. தகடு வெட்டி, ஒவ்வொரு குழாயையும் கைப்பிடிக் கம்பியையும் தனித்தனியாகக் கையால் பற்றவைத்தது. இழுப்பதில் நோஞ்சான், நாலு பெட்டிக்கே வழுக்கும். ஆனால் என் உயிர் அதன்மேல்தான். பல வருஷம் தேடி வாங்கியது. கீறல் விழுமோ என்ற பயத்தில் கல்யாணத்துக்குப் பிறகு அதை ஓட்டியதே இல்லை.

கணவரிடமும் கறாராகச் சொல்லியிருந்தேன். டைகாஸ்டை எடுக்கலாம், விழுந்தாலும் தாங்கும். பித்தளையில் கை வைக்கக் கூடாது. ஈஜிபுராவில் பிறந்து வளர்ந்த சாது மனிதர், தலையாட்டினார்.

போன ஆயுத பூஜை அன்று குளித்துவிட்டு வந்து பார்த்தால், குத்துவிளக்குகளோடு சேர்ந்து என் எஞ்சினும் பேப்பர்மேல் சொட்டச் சொட்டக் காய்ந்துகொண்டிருக்கிறது. புளியும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்திருக்கிறார்.

"சக்கத்தா இருக்குல்ல?" என்றார். பிரமாதம் என்பதற்கு அவர் ஏரியா வார்த்தை அது.

"அய்யய்யோ, உள்ள மோட்டார் இருக்குங்க."

அவர் முகம் செத்துவிட்டது. "மோட்டாரா? நீ ஓட்டியே நான் பாத்ததில்லையே. வெறும் ஷோவுக்குன்னுல்ல நினைச்சேன்."

"தொடாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"நீ சொன்னேதான்மா. கீழே பார்க்கிங்ல எல்லாரும் அவங்கவங்க வண்டிய கழுவி மாலை போடுறாங்க. உன் வண்டி மட்டும் கறுத்துப்போய் நிக்குதேன்னு..."

கத்த வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். உன் வண்டி என்றாரே, அதில் கத்துவதை விட்டுவிட்டு எஞ்சினைக் கையில் எடுத்தேன். இத்தனை நாளில் அதை என் வண்டி என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். அதற்காகக் கோபம் போய்விடவில்லை. வளைந்திருந்த கைப்பிடிக் கம்பியைப் பார்க்கப் பார்க்க அது இன்னும் ஏறியது.

அடிப்பக்கத்துத் திருகுகளைக் கழற்றினேன். கொதிகலனுக்குள்ளிருந்து புளித்தண்ணீர் வடிந்தது. நல்ல தண்ணீரில் அலசி, ஹேர் டிரையரில் காற்றடித்து, பால்கனி வெயிலில் வைத்தேன். அவர் பூஜையை முடித்துவிட்டு, காக்கா வந்துவிடுமோ என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

சாயங்காலம் பல்சக்கரத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, மூடி, ஹாலில் தண்டவாளம் போட்டு நிறுத்தினேன். கன்ட்ரோலரைத் திருப்பினேன். அசைவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். உள்ளே ஒரு முனகல். பிறகு ஒரு குலுக்கல் குலுக்கிவிட்டு எஞ்சின் மெல்ல நகர்ந்தது. பளபளவென்று ஒரு முழுச் சுற்று வந்தது. அதுவரை அவர் மூச்சுவிட்டாரா என்றே தெரியவில்லை.

"சாமி சத்தியமா இனிமே இதத் தொடவே மாட்டேன்" என்றார்.

"தொடாம எப்படி ஓட்டுவீங்க?" என்று கன்ட்ரோலரை அவர் கையில் கொடுத்தேன்.