தெரியும்

இன்னொருவருடைய துயரத்தை ‘நான்’ என்று தொடங்கிச் சொல்லும் வேலை, பணி ஓய்வுக்குப் பிறகுதான் எனக்கு வாய்த்தது. திருப்பதியில், பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் மாடியில் ஓர் அறை. பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு எட்டுப் பத்து மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். என் பக்கத்தில் இருந்த பெண் தமிழில் ஒரு வாக்கியம் சொன்னாள். “நேனு நித்ரபோவடம் லேது” என்று நான் அதைத் தெலுங்கில் சொன்னேன். நான் தூங்குவதில்லை என்று பொருள். சொல்லி முடித்ததும் அந்த இளம் முகங்கள் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தன. அந்த வாக்கியம் என்னைப் பொறுத்தவரையிலும் உண்மையாக இருந்தது என்பதை அறிய அவர்களுக்கு வழியில்லை.

கூட்டத்தை நடத்தியவர் ஒரு மனநல மருத்துவர். டாக்டரம்மா என்றுதான் எல்லோரும் அழைப்போம். கடலோர மாவட்டம் ஒன்றிலிருந்து மாற்றலாகி வந்தவர். தமிழில் ஒரு சொல்லும் அறியாதவர். புதன்கிழமைப் பிற்பகல்களில் அந்த மாணவர்களைக் குழுவாக உட்காரவைத்துப் பேசச் சொல்வார். அறிவுரை கிடையாது. ஒருவர் பேச மற்றவர்கள் கேட்பார்கள். கேட்டபோது தமக்குள் என்ன நேர்ந்தது என்பதை மட்டும் பிறகு சொல்வார்கள். அங்கே பேசியது அந்த அறையைத் தாண்டக் கூடாது என்பது முதல் உடன்பாடு. இதை எழுத அந்தப் பெண் அனுமதி தந்திருக்கிறாள். மற்றவர்களை யாரும் அடையாளம் காண முடியாதபடி மாற்றியிருக்கிறேன்.

அவள் நகரியிலிருந்து வந்து வேதியியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தாள். நைனா என்று அவள் அழைக்கும் தகப்பனார் விசைத்தறி ஓட்டியவர். அந்த ஆண்டின் தொடக்கத்தில் திருப்பதி ஆஸ்பத்திரி ஒன்றில் இறந்துபோனார். விடுதியிலும் ஆய்வகத்திலும் அவள் நாள் முழுவதும் பேசியது தெலுங்குதான். சண்டை போட்டதும் சிரித்ததும் தெலுங்கில்தான். ஆனால் அந்த வட்டத்தில் தகப்பனாரின் பேச்சுக்கு வந்தால் மட்டும் தெலுங்கு அவளைவிட்டு அகன்றுவிடும். வாய் திறந்தால் தமிழ் வரும், கேட்பவர்களுக்குப் புரியாது, அத்துடன் நிறுத்திக்கொள்வாள். தமிழறிந்த ஒருவரை டாக்டரம்மா தேடியபோது, மொழியியல் துறையில் ஓய்வுபெற்ற என் பெயரை யாரோ சொல்லியிருக்கிறார்கள். சித்தூர்த் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவன், இப்போது வேலையொன்றும் இல்லாதவன் என்று என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டேன். என் மனைவி இறந்து ஓராண்டு நிறைந்திருக்கவில்லை என்பதைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

டாக்டரம்மா எனக்கு விதித்தது ஒரே விதி. ‘அவள் சொல்கிறாள்’ என்று தொடங்கக் கூடாது. அவள் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவளை விட்டுவிட்டு எல்லோரும் என்னிடம் பேசத் தொடங்கிவிடுவார்கள் என்றார். மொழிபெயர்ப்பைப் பற்றி ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்திய எனக்கு இந்த எளிய விதி முதலில் கூச்சத்தைத் தந்தது. கடப்பைப் பக்கத்து மாணவன் ஒருவன் அந்தக் கூச்சத்தைக் கண்டுகொண்டான். இரண்டாவது வாரம் நான் படியேறி வந்ததுமே, “டப்பிங் சார் வச்சேசாரு!” என்று என் வருகையை அறிவித்தான். “சார், விலன் வாய்ஸ் கூட ஒகசாரி சேயண்டி.” வில்லன் குரலிலும் ஒருமுறை பேசிக் காட்ட வேண்டுமாம். உடனே அவள் தெலுங்கிலேயே, “நீகு காமெடியன் வாய்ஸ் சாலுலே, ஊருகோ” என்று, உனக்குக் காமெடியன் குரலே போதும், சும்மா இரு என்று, அவன் வாயை அடைத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். கூட்டம் தொடங்கியதும் அவள் முகம் மாறியது, மொழியும் மாறியது.

சில வாரங்கள் அவள் விஷயத்தைச் சுற்றிச் சுற்றியே வந்தாள். ஊருக்குப் போவதை நிறுத்திவிட்டாள் என்பது முதலில் தெரிந்தது. துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் அவளுடைய அம்மா ஒரே கதையைச் சொல்லி அழுகிறாராம். நன்றாகிவிடும் என்று டாக்டரே வாய்விட்டுச் சொன்னார், பிறகு கைவிட்டுவிட்டார் என்று. “அம்மா தெனம் அந்த டாக்டர திட்டிகினே இருக்காங்க சார். அவரு கொழந்த குட்டிய கூட உடறதில்ல. நான் பக்கத்துல ஒக்காந்து கேட்டுகினு இருக்கணும்.” தகப்பனாரின் முதல் திதி நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் போகாமலிருக்கவும் அவளால் முடியாது. போய் அந்தச் சாபங்களின் நடுவே உட்காரவும் முடியாது. ஏன் முடியாது என்று டாக்டரம்மா கேட்கவில்லை. காத்திருந்தார்.

ஒரு புதன்கிழமை அவளே சொன்னாள். பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டு, நான் தெலுங்கில் சொல்ல இடம் விட்டு விட்டுச் சொன்னாள்.

“டாக்டரு கட்டிலண்ட நின்னுகினு சொன்னாரு சார். இனிமே மருந்து வேலை செய்யாது, வீட்டுக்கு இட்டுகினு போயிடுங்கன்னு. தெலுங்குலதான் சொன்னாரு. அவரு அந்தாண்ட போனதும் நைனா என்னைப் பாத்து, ‘இன்னாம்மா சொல்றாரு?’ன்னாரு. நான், ‘ரெண்டு வாரத்துல நல்லாயிடும்னு சொல்றாரு நைனா’ன்னேன். அப்பதான் அம்மா டீ வாங்கினு உள்ள வந்தாங்க. அவங்க காதுல உழுந்தது அது ஒண்ணுதான்.”

பொய் என்ற சொல்லை அவள் பயன்படுத்தவில்லை, நானும் பயன்படுத்தவில்லை. டாக்டர் கூறியதைத் தமிழாக்கித் தகப்பனாரிடம் அவள் சொன்னதை, நான் தெலுங்காக்கி அந்த அறைக்குச் சொன்னேன். அம்மா திட்டிக்கொண்டிருப்பது தன்னைத்தான், ஆனால் அது அம்மாவுக்குத் தெரியாது என்றாள். அதையும் ‘நான்’ என்றே சொன்னேன்.

அந்தக் கடப்பைப் பையன், கேலியின் சாயல் சிறிதும் இல்லாமல், ஏதோ கணக்கு உதைக்கிறது என்பதைப் போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டான்: “மீ நாயனகு தெலுகு ராதா?”

உன் தகப்பனாருக்குத் தெலுங்கு தெரியாதா என்கிறான். மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். நகரியில் பிறந்து வளர்ந்தவர். நூல் வியாபாரிகளிடம் ஆயுள் முழுவதும் தெலுங்கில் பேரம் பேசியவர். ஆஸ்பத்திரிப் பேச்சு புரியாமல்தான் கேட்டார் என்று இத்தனை மாதங்களாக அவள் நினைத்திருந்தாள். அல்லது, நினைக்கவே இல்லை.

“தெரியும்” என்றாள்.

“வச்சு” என்றேன்.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். தமிழில் மொழியும் தெரியும், செய்தியும் தெரியும். இரண்டுக்கும் ஒரே சொல். தெலுங்கு அப்படி விடாது. மொழி தெரியும் என்றால் ‘வச்சு’. அது ஒருவருக்கு ‘வரும்’ என்று பொருள். செய்தி தெரியும் என்றால் ‘தெலுசு’. இந்த வேறுபாட்டைக் கரும்பலகையில் இரண்டு பத்திகளாகப் பிரித்து எத்தனையோ வகுப்புகளுக்கு எழுதிக்காட்டியிருக்கிறேன். அவள் மறுபடியும், இம்முறை யாரிடமும் அல்லாமல், “அவருக்குத் தெரியும்” என்றாள். குரல் வேறாக இருந்தது. இரண்டில் எந்தச் சொல் என்று நான் முடிவுசெய்தாக வேண்டும். அவள் எதைச் சொல்கிறாள் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. டாக்டர் பேசியதை முழுவதும் புரிந்துகொண்ட ஒரு மனிதர், மகள் என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்டிருக்கிறார்.

“ஆமெகு தெலுசு” என்றேன்.

சொல் சரி. ஆனால் ‘அவருக்கு’ என்பதற்கு ‘ஆயனகு’ என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது ‘அவளுக்கு’. அந்த அறையில் இல்லாத ஒருத்திக்கு. திருத்திக்கொள்ளாமல் கைக்குட்டையைத் தேடினேன். அது எந்தப் பையில் இருக்கிறது என்பது தெரியவில்லை. டாக்டரம்மா குனிந்து, மிகத் தாழ்ந்த குரலில் கேட்டார்: “எவரிகி, சார்?” யாருக்கு என்று.

பதில் சொன்னது அவள்தான். தகப்பனாரின் பேச்சு எடுத்த பிறகு அந்த வட்டத்தில் அவள் பேசிய முதல் தெலுங்கு வாக்கியம் அது.

“சார் கரெக்ட்கானே செப்பாரு, மேடம்.”

சார் சரியாகத்தான் சொன்னார். அதன் பிறகு மீதிக் கதையை அவளே தெலுங்கில் சொல்லி முடித்தாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

திதிக்கு அவள் போனாள், அம்மாவிடம் சொன்னாள். அம்மா சில வாரங்கள் அவளோடு பேசவில்லை என்றும், அந்த டாக்டரைத் திட்டுவது மட்டும் அன்றோடு நின்றுவிட்டது என்றும் பின்னர் சொன்னாள். இப்போது சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை செய்கிறாள். அம்மாவையும் அங்கேயே அழைத்துக்கொண்டுவிட்டாள். டாக்டரம்மா வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டார். நான் திருப்பதியில்தான் இருக்கிறேன். சித்தூர் வீட்டுக்கு வாடகைக்கு ஆள் வைத்தாகிவிட்டது. புதன்கிழமை மற்ற கிழமைகளைப் போலவே விடிந்து முடிகிறது.

அவள் தெலுங்கில் பேசிய அந்தப் புதன்கிழமை, கூட்டம் முடிந்து மற்றவர்கள் போன பிறகு நான் மெதுவாகப் படியிறங்கினேன். கீழே அவள் நின்றுகொண்டிருந்தாள்.

“உங்க வீட்லயா சார்?”

“ஆமாம்மா.”

“அவங்களுக்கு நீங்க இன்னான்னு சொன்னீங்க?”

“மழை விட்டதும் சித்தூர் வீட்டுக்குப் போயிடலாம்னு சொன்னேன்.”

“அதுக்கு அவங்க?”

“சரின்னா.”

அவள் தலையசைத்தாள். துப்பட்டாவின் முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சாலைப் பக்கம் பார்த்தபடி சொன்னாள்.

“நைனாவும் சரிம்மான்னுதான் சார் சொன்னாரு.”