பூநாரைத் தீவில் பெண் பார்த்தார்கள்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே காரணத்தைச் சொல்லித்தான் வேண்டாம் என்றார்கள். பெண்ணுக்கு வாய் அதிகம். தரகர் மட்டும் மரியாதை தெரிந்தவர். "பொண்ணு கொஞ்சம் ஓப்பனாப் பேசுதுங்க" என்பார். ஒரு மாப்பிள்ளை சமைக்கத் தெரியுமா என்று கேட்டான். உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். இன்னொரு வீட்டுப் பெரியம்மா, "எங்கே, கொஞ்சம் நடந்து காட்டும்மா" என்றார். நடந்தேன். அடுப்படி வரை நடந்து அங்கேயே இருந்துவிட்டேன். "நுணலும் தன் வாயால் கெடும்" என்று அம்மா அன்றிலிருந்து தினமும் ஒரு தடவை சொல்லி வந்தார். அடுப்படிக்குப் போகும்போது நான் வாயே திறக்கவில்லை. அதைச் சொன்னாலும் எதிர்ப்பேச்சு என்பார்.

அதனால் போன பங்குனியில் ஒரு நிபந்தனை போட்டேன். இனிமேல் காபித் தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வர மாட்டேன். லீவு நாளில் நான் பறவை பார்க்கப் போகிறவள். பார்க்க வேண்டுமென்றால் அங்கே வந்து பார்க்கட்டும். புதுக்கோட்டையில் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்துகிறேன், இதையாவது கேட்க எனக்கு உரிமை இருக்கிறது என்றேன். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். ஆனால் அடுத்து வரவிருந்த அரிமளத்து மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் சரி என்றுவிட்டார்கள். ஜாதகம் அப்படிப் பொருந்தியிருந்தது.

இதில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த இடம் அமைய வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. மாப்பிள்ளை கத்தாரில் கட்டட வேலையில் சூப்பர்வைசர். தரகர் என் நம்பரைக் கொடுத்ததும் எல்லோரும் "ஹாய்" என்றுதான் அனுப்புவார்கள். இவர் ஒரு போட்டோ அனுப்பினார். அவர் ரூம் ஏசி பெட்டி மேல் ஒரு கொண்டலாத்தி உட்கார்ந்திருந்தது. "இது என்ன பறவைங்க?" என்று கீழே எழுதியிருந்தார். நான் ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதினேன். "சரிங்க. திரும்ப வந்தா சொல்றேன்" என்றார். பிறகு அவ்வப்போது, "இன்னைக்கும் வந்துச்சு." அவ்வளவுதான். வேறு எதையும் கேட்கவில்லை. அந்த ஒரு வரிக்காக நான் காலையில் எழுந்ததும் போனைத் தேட ஆரம்பித்திருந்தேன். வெட்கக்கேடுதான்.

லீவில் ஊருக்கு வந்தவர் கத்தாருக்குத் திரும்புவதற்குள் வாய்த்தது ஒரு திங்கட்கிழமைதான். எங்கள் பள்ளிக்கும் அன்று உள்ளூர் விடுமுறை. மீமிசல் பக்கம் கடலுக்குள் மணல் திட்டுகள் இருக்கின்றன. பங்குனி கடைசிவரை பூநாரைகள் அங்கே நிற்கும். வடக்கே திரும்பிப் போவதற்கு முன்னால் வயிறு நிறைய மேய்ந்துகொள்ளும். விடிந்ததும் போனால் படகுக்குத் தண்ணீர் இருக்கும், வெயில் ஏறினால் வற்றிவிடும் என்று படகுக்காரர் போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இரண்டு வீட்டுக்காரர்களும் ஆவுடையார்கோவிலில் சந்தித்து, சாமி கும்பிட்டுவிட்டு நேராகக் கடற்கரைக்குப் போவதாக ஏற்பாடு.

சாமி கும்பிட்டு முடித்து வாசலுக்கு வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா வானத்தைப் பார்த்தார். "திங்கக்கெழம காலையில ராகுகாலம்ல? கழியட்டுங்க. நல்ல காரியமாப் போறோம்."

"பறவை பாக்கத்தானேங்க போறோம்" என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் கையைக் கிள்ளினார். அன்றைக்கு முழுக்க வாயைத் திறப்பதில்லை என்று முதல் நாள் இரவே சத்தியம் வாங்கியிருந்தார். பறவை பார்ப்பதற்கும் அதுதான் தேவை என்பதால் நானும் செய்துகொடுத்திருந்தேன். ஆகவே கோயில் மண்டபத்தில் உட்கார்ந்தோம். ராகுகாலம் நிதானமாகக் கழிந்தது. கிளம்பப் போகும்போது கிழக்கே சூலம் என்பது யாருக்கோ ஞாபகம் வந்தது. அதற்குப் பரிகாரம் தயிர். தயிர் வாங்கி வர ஆள் போனது. ஆளுக்கு ஒரு ஸ்பூன் சாப்பிட்டோம்.

கரையில் படகுக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மா மாம்பழ மஞ்சளில் பட்டு கட்டியிருந்தார். மாப்பிள்ளை சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. என் அம்மா கையில் கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் இருந்த தூக்குச்சட்டி. பெண் பார்ப்பது கடலில் நடந்தாலும் கேசரி பஜ்ஜி இல்லாமல் நடக்காது. நான் பச்சைச் சேலை கட்டித் தலையில் துணித்தொப்பி போட்டிருந்தேன். சேலை அம்மாவுக்காக, தொப்பி எனக்காக. இரண்டு அப்பாக்களும் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்று காரிலேயே இருந்துவிட்டார்கள்.

"தண்ணி எறங்கிருச்சேங்க" என்றார் படகுக்காரர்.

"ராகுகாலம்ல" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"அது சரி" என்று அவர் இன்ஜினை இழுத்துவிட்டார்.

மாப்பிள்ளை முன்பக்கம் உட்கார்ந்திருந்தார். போட்டோவில் இருந்ததைவிடக் கறுப்பு. எனக்குப் பிடித்திருந்தது. ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு உடனே கடலைப் பார்த்தார். திட்டு தெரிந்ததும் அவர் அம்மா, "தீவுன்னாங்க, களத்துமேடு கணக்கால்ல இருக்கு" என்றார். அதற்கு அப்பால் பூநாரைகள் நின்றன. ஒரு கூட்டமே தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தது. நான் பைனாகுலரை அவர் அம்மாவிடம் கொடுத்தேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்து, ஒன்றும் தெரியவில்லை என்று திருப்பிக் கொடுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு நேராக்கிக் கொடுத்தேன். வாய் திறக்கவில்லை. அம்மா என்னைப் பெருமையாகப் பார்த்தார். இந்த இடம் அமைந்துவிடும் என்று எனக்கே நம்பிக்கை வந்தது.

அப்போது மாப்பிள்ளை எழுந்து நின்றார். ஒரு கையில் போனைத் தூக்கிப் பிடித்தார். விரலை மடக்கி வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார். கத்தாரில் மேல்தளத்து ஆளைக் கூப்பிடுகிற விசில் போலிருக்கிறது. கூட்டம் முழுக்க எழும்பிவிட்டது. வானத்தில் ஒரே ரோஜா நிறம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"ஏங்க! ஒங்களுக்கு அறிவிருக்காங்க?" என்று கத்தினேன். "உக்காருங்க கீழ! எம்புட்டுத் தூரம் பறக்கப் போற ஜீவனுங்க அது! திங்கிற நேரத்துல வெரட்டுறீங்களே, ஒங்களப் பந்தியில பாதியில எழுப்பினா சும்மா விடுவீங்களா? வீடியோ வேணுமாம்ல வீடியோ!"

மரியாதையை மட்டும் விடவில்லை. மற்றதெல்லாம் போய்விட்டது. அவர் அப்படியே உட்கார்ந்தார். "ஒங்களுக்குக் காட்டலாம்னுதாங்க..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அவர் அம்மா தன் மடியைப் பார்த்தார். என் அம்மா தூக்குச்சட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். போச்சு. அவர் செய்தது தப்புதான், நான் கேட்டதும் சரிதான். ஆனாலும் இனிமேல் யார் எனக்கு "இன்னைக்கும் வந்துச்சு" என்று எழுதப் போகிறார்கள்?

"திருப்பிருங்க" என்றார் அம்மா, படகுக்காரரிடம். படகு திரும்பிக் கொஞ்ச தூரம் போனதும் அடியில் சரக்கென்று சத்தம் கேட்டது. நின்றுவிட்டது. படகுக்காரர் கம்பால் ஊன்றிப் பார்த்தார். கம்பு சேற்றில் பாதிக்கு மேல் இறங்கியது.

"தண்ணி ஏறுனாத்தாங்க இனி. எறங்கித் தள்ளுனா இடுப்பு வரைக்கும் போயிரும்" என்றவர், எங்களைப் பார்த்து ஆறுதலாக, "ராகுகாலம்தான் கழிஞ்சிருச்சுல்ல, பயமில்ல" என்றார்.

பெண் பார்க்க வந்து திட்டு வாங்கியவர்கள் பொதுவாக எழுந்து போய்விடுவார்கள். இவர்களால் போக முடியவில்லை. வெயில் உச்சிக்கு வந்தது. பஜ்ஜியைக்கூட அம்மா சத்தமில்லாமல்தான் கொடுத்தார். எல்லோரும் சத்தமில்லாமல் தின்றோம்.

கொஞ்ச நேரம் கழித்து மாப்பிள்ளை தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். படகுக்காரரிடம் கையைக் காட்டி, இன்ஜின் மேல் கிடந்த அழுக்குச் சாக்கை வாங்கினார். மீன் கவிச்சி என் மூக்கு வரை வந்தது. வெள்ளை தெரியாதபடி அதைத் தோளோடு போர்த்திக்கொண்டார். இன்னொரு சாக்கை அவர் அம்மாவின் மஞ்சள் பட்டின் மேல் போட்டார். அந்த அம்மா ஏதோ சொல்ல வந்தார். இவர் வாயில் விரல் வைத்தார். போனை அணைத்துப் பைக்குள் போட்டார். அதன் பிறகு அசையவே இல்லை. வேர்வை மூக்கு நுனியில் வந்து நின்று சொட்டியது, துடைக்கவும் இல்லை. நான் பைனாகுலரைக் கண்ணில் வைத்து வானத்தைத் தேடுகிற மாதிரி அவரைத்தான் பார்த்தேன். அவ்வளவு கிட்டத்தில் பைனாகுலர் சரியாகக் காட்டாது. மசமசவென்றுதான் தெரிந்தார்.

பூநாரைகள் திரும்பி வந்தன. முதலில் கொஞ்சம், பிறகு மற்றவை. நாங்கள் சேற்றில் கிடக்கிற பழைய படகு என்று நினைத்திருக்க வேண்டும். முன்னைவிட ரொம்பக் கிட்டத்தில் இறங்கி, தலையைக் கவிழ்த்து, விட்ட இடத்திலிருந்து மேய ஆரம்பித்தன. சாக்குக்குள்ளிருந்து அவர் அம்மா பைனாகுலருக்குக் கை நீட்டினார். இந்தத் தடவை சரியாகப் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு பையைத் திறந்து ஈரமான வாழை இலைப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். பிடித்திருந்தால் வைத்துவிட்டு வருவது என்று கொண்டுவந்திருந்த மல்லிகைப் பூ. வெயிலில் ஓரம் பழுத்திருந்தது.

"தொப்பியக் கழட்டு ஆத்தா" என்றார் ரகசியமாக. "இவன அதட்டுறதுக்கு வீட்டுல என் ஒருத்தி தொண்டை பத்தல."

கழற்றினேன். அம்மா சத்தம் வராமல் அழுதார். பூவை வைத்து முடித்ததும் மாப்பிள்ளை சாக்கை விலக்காமலே கழுத்தை மட்டும் என் பக்கம் திருப்பினார்.

"இப்பப் பேசலாமாங்க?" என்றார், காற்றைவிடச் சின்னக் குரலில்.

எனக்கு வாய் வரவில்லை. பிறந்ததிலிருந்து ஒரு நாளும் என்னைக் கைவிடாத வாய். தலையை மட்டும் ஆட்டினேன்.

அம்மா மூக்கை உறிஞ்சிவிட்டு, சாக்குப் போர்த்தியிருந்த அந்த அம்மாவின் காதருகே குனிந்தார்.

"நான்தான் சொன்னேன்ல சம்பந்தி" என்றார். "எம்பொண்ணு அதிகமாப் பேச மாட்டா."